கேபின் ரப்பர்

அம்மா ஆறு மாதம் சுமந்த குழந்தையை இழந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பத்தாம் நாள், அப்பா லாரியின் கேபினை ஜாக்கி வைத்துத் தூக்கினார். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை அது. எனக்கு அப்போது எட்டு வயது.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முடிகிற இடத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரோரம் அந்த லாரி நிற்கும். மூக்கு நீண்ட பழங்காலத்து வண்டி. அப்பாவைவிட வயதில் மூத்தது. கடைவீதியிலிருந்து மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் ஏற்றிப்போவது அதன் வேலை. சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பா அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பக்கத்தில் போய் நிற்பார். படம் எடுப்பவர்கள் யாரும் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை.

லாரியின் கேபின் நேராக இரும்புச் சட்டத்தின் மேல் உட்காராது. நான்கு மூலையிலும் கனமான ரப்பர்கள் இருக்கும். சாலையின் குலுக்கலை அவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் லாரியில் அவை நசுங்கி, வெடித்து, தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்திருந்தன. மெக்கானிக் சேட்டன் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அப்பா பழைய டயரை வெட்டி இடுக்கில் செருகிவிட்டு, "ஓடுதில்ல, பின்னென்ன?" என்பார்.

ஆலுவாவில் சித்தி புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அம்மாவுக்கு ஆறாம் மாதம். அம்மா பஸ்ஸில் போகலாம் என்றாள். அப்பாவும் சரி என்றுதான் சொன்னார். நான்தான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். லாரியில் உயரத்தில் உட்கார்ந்து, பள்ளித்தோழிகள் வீட்டைக் கடக்கும்போது ஆரன் அடித்துக்கொண்டு போகவேண்டும் எனக்கு. புதுப் பாவாடை புழுதியாகும் வரை அழுதேன். கடைசியில் அம்மா, "சரி, அதுலயே போலாம். இவள வச்சுக்கிட்டு முடியாது" என்றாள்.

போகும் வழியெல்லாம் தகரம் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் நாங்கள் மூவரும் எம்பி எம்பி விழுந்தோம். நான் சிரித்தேன். முதல் இரண்டு பள்ளங்களுக்கு அம்மாவும் சிரித்தாள். பிறகு ஒரு கையால் கதவையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா" என்றாள். அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். அந்த லாரியில் மெதுவுக்கும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு வலி வந்தது. அம்மாவையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டார் என்னைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வயிற்று வலி என்று மட்டும் சொன்னார்கள். தம்பி எங்கே என்று பிறகு கேட்டேன். வரவில்லை என்றார்கள். வராத விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது.

லாரி காரணமில்லை என்றுதான் டாக்டர் சொன்னாராம். குழந்தை வளர்ந்ததிலேயே ஏதோ கோளாறாம். அப்பா அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் டாக்டர் சொன்ன அதே மலையாளத்தில், ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே நின்ற லாரியைப் பார்த்தார்கள்.

வைப்பினிலிருந்து வந்த அத்தை தலையாட்டக்கூட இல்லை. நடுவீட்டில் நின்று கேட்டாள்: "மாசமா இருக்கறவள அந்தத் தகரத்துல ஏத்திட்டுப் போலாம்னு எவன்டா சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். "இல்ல அத்த, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். பாயில் படுத்திருந்த அம்மா கையை நீட்டி என் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போகும் அளவுக்குக் கிள்ளினாள். உண்மை சொன்னதற்குக் கிள்ளு வாங்கிய கோபத்தில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அப்பா நைந்த ரப்பர் ஒன்றைப் பெயர்த்தெடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆலுவாவுக்குப் போனார். பஸ்ஸில் போனார். அந்த வண்டிக்குக் கடையில் ரப்பர் கிடைப்பதில்லை. மாதிரி கொடுத்து வார்த்து வாங்கவேண்டும். புது ரப்பர்கள் கன்னங்கரேலென்று, அப்பத்தின் கனத்தில் இருந்தன.

துருவேறிய போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டார். அப்படியும் இரண்டு முறிந்தன. கேபினை ஒரு விரற்கடை தூக்கி, சட்டத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரப்பரை வைத்து, நடுவே புது போல்ட்டை இறக்கினார். ஒரு மூலையை முழுசாக முறுக்கிவிட்டால் அடுத்த மூலை சரியாக உட்காராது. நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து முறுக்கினார். ஒத்தாசைக்கு வந்த மெக்கானிக் சேட்டனிடம், "வேண்டா சேட்டா, ஞான் செய்தோளாம்" என்று, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சுத்தியல் சத்தம் கேட்டதும் அம்மா சந்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அந்த வெக்கையில் மாலை வரை அது சாத்தியே கிடந்தது.

வேலை முடிந்ததும் அப்பா கிரீஸ் கையோடு வாசலில் வந்து நின்றார். "இப்ப ஆடல. ஒரு தடவ உட்காந்து பாரேன்" என்றார் அம்மாவிடம்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சாயா போட்டு எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினாள். "ஆறிடும், குடிங்க" என்றாள்.

அப்பா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நல்ல சாலையை விட்டுவிட்டு, குழாய்க்குத் தோண்டிப்போட்டிருந்த தெருக்களாகத் தேடித் தேடி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் கேட்டார்.

"ஆடுதா மோளே?"

"இல்லப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஆடுதா?"

கதவு அடித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி நடுங்கவில்லை. அப்பாவுக்குப் பாராட்டு வேண்டியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. மனதார, என்னால் முடிந்த மட்டும் சந்தோஷமாகச் சொன்னேன்:

"கொஞ்சங்கூட ஆடலப்பா. இத முன்னாடியே மாத்தியிருக்கலாம்ல?"

அப்பா லாரியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு லேசாகக் குலுங்கியது.

இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.