பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

"இந்த வண்டிக்கு நான் ஒருத்தன் போதும். எனக்கு இந்த வண்டி போதும். மூணாவது ஆளுக்கு இங்க வேலையே இல்ல."

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த உரை மூன்று வருஷத்துக்கு முன், டவர்க்காரர் வீட்டு வாசலில் நிகழ்த்தப்பட்டது. அவையில் இருவர் இருந்தார்கள். ஒருவர், பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி. மற்றவர் எதிர்க்கடைத் தையல்காரர். அவர் எதுவும் காதில் விழாதவர்போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசி அது.

டவர்க்காரர் என்றதும் பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். மலைமேல் நிற்கும் நான்கு செல்போன் டவர்களின் ஜெனரேட்டர்களுக்கு டீசல் ஊற்றி, ஃபில்டர் மாற்றிவிட்டு வருவதுதான் உத்தியோகம். அவர் ஒரு நாள் போகாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் மாமியார் குறை சொல்ல முடியாது, காதலன் பொய் சொல்ல முடியாது. ஊரே பேசுவதற்கு வழி செய்து கொடுத்த அந்த மனிதர், காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் வரை வாயைத் திறப்பது கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான்.

அந்த டவர்களுக்குப் போகும் வழியைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏற முடியும். டவர்க்காரரின் ஜீப் நாலையும் இழுக்கும். கூடவே அவர் உயிரையும் இழுக்கும். ஐந்து இலக்க மீட்டர் ஆகையால், லட்சம் கிலோமீட்டர் ஆனதும் ஒன்றுமறியாத பச்சைக்குழந்தைபோல் பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்பும்போதெல்லாம் டாஷ்போர்டில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கோடு கிழிப்பார். ஐந்து கோடுகள் ஆகியிருந்தன. கல்யாண நாள் எது என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிற மனிதருக்கு, எந்தக் கோட்டை எந்த வளைவில் கிழித்தோம் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம்.

வண்டியின் அங்க லட்சணங்களையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால்தான் ஹாரன் அடிக்கும். எனவே வலப்பக்க வளைவில் எதிரே வருகிறவர்கள் தங்கள் ஜாதகத்தை நம்பி வர வேண்டியதுதான். ஒரு கதவு கயிற்றால் கட்டப்பட்டது. மனைவி போன பிறகு பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டூல்பெட்டியை வைத்தார். அந்தப் பக்கத்து வைப்பரையும் கழற்றி எடுத்துவிட்டார். டூல்பெட்டி மழையை வேடிக்கை பார்த்து என்ன ஆகப்போகிறது?

மெக்கானிக் என்ற இனத்தை அவர் வண்டிப் பக்கம் அண்டவிட்டதில்லை. ஒரே ஒருமுறை ஒருவனிடம் போனார். அவன் பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் தேடிவிட்டு, "இதுல கம்ப்யூட்டரை எங்க சார் சொருகுறது?" என்று கேட்டான். அன்று பானெட்டை மூடியவர்தான். அதன்பிறகு பத்தொன்பது வருஷமாக டாக்டரும் அவரே, நர்ஸும் அவரே, வராந்தாவில் கைபிசைந்து நிற்கும் உறவினரும் அவரே.

ஒரு வைத்தியத்துக்கு மட்டும் அவருக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற குட்டித் திருகைத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழியுமாகப் பீய்ச்சும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால், போன காற்று வட்டியோடு திரும்பி வந்துவிடும்.

அந்தக் கால் மனைவியுடைய கால். மேலேயிருந்து "மிதிச்சாச்சு" என்று குரல் வரும். கீழேயிருந்து "விடு" என்று பதில் போகும். அந்தத் தம்பதி இடைமறிக்காமல் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டது அந்த ஒரு சமயத்தில்தான்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அந்த அம்மாள் காலை எடுத்துவிட்டார். வண்டிக்கடியிலிருந்து டவர்க்காரர் எழுப்பிய முழக்கத்துக்கு டவரே தேவைப்படவில்லை. தெருக்கோடி வரை தெளிவாகக் கேட்டது. ஒரு காலை ஒழுங்காக வைக்கத் தெரியாதவள் என்பதில் தொடங்கி, மாமனார் வீட்டு வளர்ப்புவரை போய் வந்தார். அடுத்த வாரம் மகளின் பிரசவத்துக்குத் துணையாக அந்த அம்மாள் தூரத்து நகரத்துக்குக் கிளம்பும்போதுதான் அந்த வாசல் உரை. மனைவி அதற்குக் கோபப்படவில்லை. கடைசிப் படியில் நின்று, "கூப்பிட்டா வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

பேத்தி பிறந்து, பல் முளைத்து, இப்போது போனில் "தாத்தா, வண்டி எங்க?" என்று கேட்கிறது. வாரம் ஒருமுறை போன் கை மாறி மாறி வரும். பல்லைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். 'வா' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இவர் வாயிலிருந்து வரவில்லை. ஆகையால் மனைவியும் வரவில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வருவார், வண்டியைச் சோதிப்பார், பிரேக் சரியில்லை என்றால் டவர் வேலை புது வண்டி வைத்திருக்கும் வேறொருவருக்குப் போகும். புதன்கிழமை காலை பின்சக்கர சிலிண்டர் ஒழுகத் தொடங்கியது. அதற்கும் கடிதம் வந்திருக்கும்போல.

சிலிண்டரை மாற்றிவிட்டார். மிதித்தால் பிரேக் சேற்றில் வைத்த கால்போல அடிவரை போயிற்று. உள்ளே முழுக்கக் காற்று.

மூன்று வருஷமாக இப்படியொரு நாள் வந்துவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வண்டியைக் காத்தவர் அவர். ஆனாலும் மாவீரர்கள் எளிதில் சரணடைவதில்லை. நிப்பிளில் குழாய் மாட்டி, அதன் முனையைப் பாட்டில் ஆயிலில் முக்கிப் பார்த்தார். நிப்பிளின் தேய்ந்துபோன திருகு மரை வழியாகக் காற்று சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது. அடுத்து, துடைப்பக் கட்டையை சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே ஓடினார். நிப்பிளைத் திறந்ததும் பிரேக் கீழே இறங்கியது. பிடிமானம் போன கட்டை சாய்ந்தது. பிரேக் துள்ளி மேலே எழுந்து, ஒரு கரண்டி காற்று போன இடத்தில் இரண்டு கரண்டி உள்ளே இழுத்தது. இந்த ஆராய்ச்சியைப் பதினோரு முறை செய்தார். மாலை நாலு மணிக்கு அவர் சட்டைக்கும் வண்டிக்கடியில் கிடந்த தரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எதிரே தையல்காரரின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷம். காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள் நாற்பதையும் ஜீப்பின் புகை ஒரே காலையில் சாம்பல் நிறமாக்கிய விவகாரம்.

டவர்க்காரர் தெருவைக் கடந்தார். கடை வாசலில் நின்று, மெஷினைப் பார்த்துச் சொன்னார்:

"பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேணும்."

தையல்காரர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். "முப்பது வருஷமா மிதிச்சுக்கிட்டுத்தான்ணே இருக்கேன். இவ்வளவு மரியாதையா யாரும் கூப்பிட்டதில்ல."

வந்து ஏறி உட்கார்ந்தார். டவர்க்காரர் கீழே படுத்தார். நிப்பிளில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து குரல் வரக் காத்திருந்தார்.

"மிதிச்சா வாயத் திறந்து சொல்லணும்."

"என்னன்னு?"

"மிதிச்சாச்சுன்னு."

"மிதிச்சாச்சு."

வெற்றிலைபோட்டுக் கரகரத்த ஆண்குரல்தான். ஆனால் வார்த்தை அதே வார்த்தை. நிப்பிளைத் திறக்கக் கை கொஞ்சம் தாமதித்தது.

"விடுங்க."

மூன்று முறை குமிழி குமிழியாகத் தள்ளியது. நடுவில் மேலேயிருந்து குரல் வந்தது: "அண்ணி மிதிக்கிறப்ப எங்க கடை வரைக்கும் கேக்கும். எப்பண்ணே வர்றாங்க?"

கீழே ஸ்பேனர் நின்றது.

"கூப்பிடணும்."

நாலாவது முறை ஆயில் சுத்தமாக வந்தது, ஒரு குமிழிகூட இல்லை. நிப்பிளை இறுக்கித் துடைத்தார்.

"முடிஞ்சுதாண்ணே?"

டவர்க்காரர் பாட்டிலில் கிடந்த தெளிந்த ஆயிலைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

"இல்ல," என்றார். "இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு. மிதிங்க."

"மிதிச்சாச்சு."