எண்பது நிமிட வகுப்பைப் பார்க்க விருத்தாசலம் போனேன்

ஊர் சுற்ற அல்ல, ஒரு வகுப்பைப் பார்க்கத்தான் 2008 ஆகஸ்டில் விருத்தாசலம் போனேன். விழுப்புரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. நாற்பது நிமிடத்தில் ஒரு சோதனையும் முடியவில்லை என்று நச்சரித்து, ஏழாம் வகுப்புக்கு இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்கினேன். பிள்ளைகள் பாதியிலேயே தூங்கி வழிந்தார்கள். "திங்கக்கிழமை நானே வந்து பாக்குறேன் டீச்சர். இதே மாதிரி இருந்தா பழையபடி மாத்திடலாம்" என்றார் தலைமையாசிரியர். 

வெள்ளிக்கிழமை பாசஞ்சர் ரயில், பன்னிரண்டு ரூபாய். பீங்கான் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர் அது. ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு ஆட்டோ முப்பது.

"பீங்கான் வாங்க வந்தீங்களாக்கா?"

"இல்லைங்க, பாடம் பாக்க."

"எங்க ஊருக்குப் பாடம் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார் டிரைவர்.

வகுப்பெடுத்தவர் பயிற்சி முகாமில் எனக்குப் பழக்கமான ஷாகிதா டீச்சர், மங்கலம்பேட்டைக்காரர்; அங்கே அவர் இரண்டு பீரியடைச் சேர்த்துத்தான் எடுக்கிறார். பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் துண்டு ஒன்றையும் பூச்சில்லாத துண்டு ஒன்றையும் எடை போட்டு வாளித் தண்ணீரில் போட்டார். "எது கனமாவும்?" என்று கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் ஊற வேண்டும். நானாக இருந்தால் அவ்வளவு நேரமும் பேசித் தீர்த்திருப்பேன்.

முதலில் வெறும் கசமுசா. பிறகு தேன்மொழி என்ற பெண் மிச்சமிருந்த பூச்சில்லாத துண்டைக் கழுவி நாக்கில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. "பீங்கான் கம்பெனில எங்கம்மா இப்படித்தான் பூச்சு இருக்கா இல்லையான்னு பாப்பாங்க."

"ஏன் ஒட்டுது?" என்றான் ஒருவன்.

"எச்சிய உறிஞ்சுது."

"அப்ப தண்ணியையும் உறிஞ்சும்ல?"

வகுப்பே சண்டையில் இறங்கியது. ஆளாளுக்கு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், நானும்தான். ஊறியவற்றை எடை போட்டபோது பூச்சில்லாத துண்டுதான் கனத்திருந்தது.

"ஜூன்லேர்ந்து தேன்மொழி வாயத் தொறந்ததே இல்லைங்க" என்றார் ஷாகிதா டீச்சர். "சின்ன பீரியடுன்னா, அவ தொறக்கறதுக்குள்ள பெல்லு அடிச்சிடும்."

உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்க நினைத்தால், பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு பையோடு விருத்தாசலம் போங்கள். கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டால் கம்பெனிக்காரர்கள் சும்மாவே தருகிறார்கள். திரும்பி வர மாலையில் பஸ்ஸும் உண்டு.

திங்கட்கிழமை அப்படி வாங்கி வந்த துண்டுகளை ஊறப் போட்டுவிட்டுக் கேள்வியைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் மகா கஷ்டம். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து நிமிடம் போனது. பிறகு முத்து எழுந்து, பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்னது தப்பு என்றான். அப்புறம் மணி அடிக்கும்வரை அவர்களை அடக்க முடியவில்லை.

"முத்து இவ்ளோ பேசுவானா டீச்சர்?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் சார்."

டைம்டேபிளில் அவர் கைவைக்கவில்லை. ஷாகிதா டீச்சர், ரொம்ப நன்றிங்க.