இருநூறு டிகிரி தாங்கும் கிரீஸ்

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கெட்டுப்போன பொருளை அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டார். சூளகிரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், போர் மோட்டார் நின்றாலும் இவரைத்தான் தேடி வருவார்கள். ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். போன தீபாவளிக்கு முன்னால் அந்த யூனிட்டை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றைக்கு லாக்கரைக் காலி செய்து அவர் கொண்டுவந்தது ஸ்பானர் செட்டும், ஒரு டப்பா பேரிங் கிரீஸும்தான். அதற்கப்புறம் யாராவது "இப்போ எங்க வேலை?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். அதனாலேயே வீட்டில் எது ரிப்பேரானாலும் நான் வாயை மூடிக்கொள்வேன். மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பேர்தானே.

ஆனால் இந்தத் தடவை நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி நான், திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண், சௌமியா. கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்தவள். புதிதாக வந்த பேட்டரி ஃபேக்டரியில் டிரெய்னி வேலைக்கு ஆன்லைன் பரீட்சை வைத்தார்கள். இந்த வருஷம் படித்து முடித்தவர்கள் மட்டும்தான் எழுதலாம், அதுவும் ஒரே தடவைதான். முன்னாலேயே பதிவு செய்த ஒரே கம்ப்யூட்டரில்தான், கேமரா முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் எழுத வேண்டும். ராத்திரி பகலாகப் படித்தாள் பிள்ளை.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் பழசு. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அது அரைமணிக்கு ஒரு தடவை தானாக அணைய ஆரம்பித்தது. சௌமியா எதையோ திறந்து பார்த்து, "பிராசசர் தொண்ணூறு டிகிரிக்கு மேல போவுதுப்பா. ஃபேனுக்கும் அதுக்கும் நடுவுல பேஸ்ட் ஒன்னு இருக்குமாம், காஞ்சி போயிருக்கும். மாத்தணும்" என்றாள்.

"பேஸ்ட்டுன்னா இன்னா? கிரீஸ்தானே?" என்றார் இவர். "லால் பாஷா கம்ப்யூட்டர் கடைக்கெல்லாம் எதுக்கோசரம் தூக்கிக்கினு போவணும்? நான் பாக்காத சூடா?"

ஸ்பானரை எடுத்தார், கழற்றினார், தூசியெல்லாம் ஊதித் தள்ளினார். அப்புறம் அந்த டப்பாவைத் திறந்து, பேரிங்குக்கு வைப்பது போலவே விரலால் வழித்து நிறைய வைத்தார். "டப்பா மேலயே போட்டுருக்கான் பாரு, இருநூறு டிகிரி தாங்கும். தொண்ணூறெல்லாம் இதுக்குச் சுண்டைக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். தூசி போனதாலோ என்னவோ, அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவர் சிரித்த சிரிப்பு அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சௌமியா புத்தகத்தை வைத்தே படித்தாள், கம்ப்யூட்டரைப் போடவில்லை. பரீட்சை நாள் காலை பத்து மணிக்கு சௌமியா பரீட்சை வெப்சைட்டுக்குள் நுழைந்து போட்டோ, கேமரா எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிஷத்தில் பொட்டென்று அணைந்தது. பதினொன்றுக்குப் பரீட்சை.

மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. இவர் பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தார். நூறு டிகிரி என்று காட்டிவிட்டு மறுபடி அணைந்தது.

"ஏங்க, லால் பாஷாவைக் கூப்புடுங்க. உங்க கால்ல வேணா வுழறேன்" என்றேன்.

"என் மெஷின்ல எவனும் கை வெக்கக் கூடாது. அஞ்சி நிமிஷம் குடு, ஆறட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அவர் மண்டையிலேயே போட்டிருப்பேன். அவரைக் கேட்காமலே போனை எடுத்து லால் பாஷாவைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர், தங்கமான பிள்ளை. கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் வந்தார். அதற்குள் மணி பத்து ஐம்பத்தைந்து.

வந்ததும் பிராசசர் மேலிருந்த ஃபேனைத் தூக்கினார். அடியில் மஞ்சளாகக் கிரீஸ் உருகி, எண்ணெய் பிரிந்து நாலு பக்கமும் வழிந்திருந்தது.

"யா அல்லா! யாரு வெச்சதுக்கா இதை? சூட்டைத் தாங்கறது இல்லக்கா இங்க வேலை, சூட்டை எடுத்து ஃபேனுக்குத் தரணும். இவ்ளோ கனமா வெச்சா கம்பளி போத்துன மாதிரி ஆவும். யாரு செஞ்சது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"நான்தாண்ணா" என்றாள் சௌமியா. "வீடியோ பாத்துத் தப்பா வெச்சிட்டேன்."

அப்போதும் இவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லால் பாஷா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடிப் போட்டபோது நாற்பத்தெட்டு டிகிரியில் ஜம்மென்று ஓடியது. மணி பதினொன்று இருபத்திரண்டு. பதினொன்றேகாலோடு நுழைவு முடிந்தது என்று திரையில் சிவப்பாக வந்தது. சௌமியா அந்த எழுத்தைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள்.

அதன் கீழே ஒரு உதவி நம்பர் இருந்தது. லால் பாஷா, "அழாதம்மா. கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க, சாயங்காலம் இன்னொரு டைம் தருவாங்க. போன தடவை என் மச்சான் பையனுக்குத் தந்தாங்க" என்றார். ஒன்பதாவது தடவை லைன் கிடைத்தது. பேசிய பெண் கன்னடத்தில் பேசினாள். இவர் கர்நாடக எல்லையோரம் தளியில் பிறந்தவர், கன்னடம் தண்ணி பட்ட பாடு. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் புரியும்.

கரண்ட் போய்விட்டது என்றுதான் ஆரம்பித்தார். அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்: பத்து மணியிலிருந்து மூன்று தடவை அணைந்ததாக இங்கே காட்டுகிறதே, பரீட்சை எழுதுகிற பெண் சிஸ்டத்தைக் கழற்றி ஏதாவது செய்தாளா?

"இல்ல மேடம்!" என்று கத்திவிட்டார். "அவளு அல்ல, அவளு அல்ல! கிரீஸ் ஹாகித்து நானு. எல்லா நன்ன தப்பு!"

அவள் இல்லை, கிரீஸ் வைத்தது நான், எல்லாம் என் தப்பு. லால் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்த சிஸ்டம் கோளாறு என்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, கரண்ட் தடைக்கு மட்டும்தான் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா சொன்ன?" சௌமியா கேட்டாள். "நான்தான் என் மேல போட்டுக்கினேனே. அண்ணன் கேட்டப்போ சும்மாதானே இருந்த? இப்பவும் சும்மா இருந்திருக்கலாமில்ல?"

"அந்தம்மா உன்னச் சொல்லுச்சு கண்ணு" என்றார் இவர். "உன் பேரு கெட்டுடுமேன்னு..." போனைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, பெற்ற மகள் எதிரே ஏங்கி ஏங்கி அழுதார்.

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். சௌமியா எனக்கு முந்திக்கொண்டு எழுந்து போய் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானே ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன்" என்று அதே நம்பரை மறுபடி அழுத்தினாள்.