கோட்டில் குத்தியிருந்த சீட்டு

அக்காவுக்கு அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து கொடுத்த புண்ணியவான் நான்தான். யாரையாவது திட்டுவதென்றால் என்னிடமிருந்து தொடங்கலாம்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அக்காவின் ஆல்டரேஷன் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பத்தொன்பது வருடமாக அக்கா புதிதாக எதையும் தைத்ததில்லை. அடுத்தவர் தைத்ததைப் பிடித்துக் கொடுப்பதும் பிரித்து விடுவதுமே வேலை. பெரிய ஜவுளிக்கடையில் அதை இலவசமாகவே செய்து தர ஆரம்பித்ததும், அக்கா மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்ஸ்டால ஒரு பக்கம் தொடங்குங்கக்கா. எல்லாரும் அதுலதான் இருக்காங்க," என்றேன்.

"என்னை ஏன்ப்பா படுத்தற," என்றார். ஆனாலும் தொடங்கினார். நானும் பக்கத்தின் பெயரை அச்செடுத்து, வெளியே போகும் ஒவ்வொரு பையிலும் ஒட்டினேன்.

முதல் மாதம் முழுக்கத் தண்டம். தினமும் ஒரு படம் போட வேண்டுமே! ஊசி, பாபின், டேப், கத்தரிக்கோல் எல்லாம் தீர்ந்து, ஒருநாள் கைதவறித் தன் முழங்கையைப் போட்டார். அதற்குப் பதினோரு லைக். அதில் ஒன்பது சொந்தக்காரர்கள், ஒன்று நான், ஒன்று அக்காவே.

"நாள் முழுக்க மெஷின் மிதிச்சாக்கூட இவ்வளவு அலுப்பு வராதுப்பா. யாருன்னே தெரியாதவங்களுக்குத் தினம் பல்லைக் காட்டிட்டு நிக்கணும்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வேலைக்கு முன்ன ஒரு படம், முடிஞ்சப்புறம் ஒரு படம் போடுங்க," என்றேன்.

அப்போது கையிலிருந்த நல்ல வேலை, பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் புடவைக்கு மேல் போடும் கோட்டு. நான்கு மாதத்தில் மூன்றாம் முறையாக அதைச் சிறிதாக்கக் கொண்டு வந்திருந்தார். முதல் முறை டயட் என்றார். இரண்டாம் முறை நடைப்பயிற்சி என்றார். இம்முறை டேப்பைச் சுற்றியபோது அக்கா ஒன்றுமே கேட்கவில்லை, டீச்சரே சொன்னார்: "வியாதி முத்திப்போச்சுக்கா. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது." தடுப்பு வழியாக என் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட்டேன்.

பெயரில்லை, முகமில்லை, வெறும் கோட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று படம் போட்டோம். ஆனால் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு துணியின் உள்பக்கத்திலும் ஒரு சீட்டைக் குத்தி வைப்பார். பழைய அளவை அடித்துவிட்டு, கீழே புது அளவும் தேதியும் எழுதுவார். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்துமூன்று, முப்பது. படத்தில் அது பளிச்சென்று விழுந்திருந்தது. தினம் பார்க்கும் சீட்டு, எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

இருநூறு லைக். இவ்வளவு மெலிந்தது எப்படி, ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். நானும் மடையன் மாதிரி பூரித்துப்போனேன்.

மறுநாள் மதியம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து அக்காவிடம் போனை நீட்டினாள். வீட்டுக்கு வந்த பையைப் பார்த்து அவளும் எங்கள் பக்கத்தில் சேர்ந்திருக்கிறாள்.

"நீல நூல்ல இருக்கே, இந்தப் பட்டன் நான் தைச்சது. இது எங்கம்மா கோட்டு." சீட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள். "டயட்னாங்க, நம்பிட்டேன். நாலு மாசத்துல எட்டு இன்ச்சா, ஆன்ட்டி?"

அக்கா பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் அழுது முடிக்கும் வரை தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "படத்தை எடுத்துடுங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கு. அது வரைக்கும் அவங்க நிம்மதியா இருக்கட்டும்."

அக்கா பக்கத்தையே மூடச் சொன்னார், மூடினேன். படத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் துணியோடு வந்தார்கள். அவர்கள் முகம் பார்க்காமலே அக்கா வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை டீச்சர் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

"ராத்திரி பகலா படிக்கிறாக்கா. நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா புத்தகத்தைத் தொடுவாளா?"

அக்கா குனிந்து கோட்டின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"தொட மாட்டா டீச்சர்," என்றார்.