ரிம்மில் ஒட்டிய சோளத்தூசி

"உன் பொண்ணு சோளத்துல வுழுந்துட்டுதும்மா. பயப்படாத, பேசிக்கினுதான் இருக்குது. நம்பரயும் அதுதான் சொல்லிச்சு."

அழைத்த பெண் யாரென்று தெரியாது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், கையில் ஒரு மாத்திரை அட்டையோடு நின்றிருந்தேன். சோளத்தில் விழுவது என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கிணற்றில் விழுவார்கள், மரத்திலிருந்து விழுவார்கள். சோளத்தில் எப்படி விழுவது? அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. எதிரில் நின்றவரிடம் மாத்திரையைக் கொடுத்தேனா, அதையும் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேனா என்பது இன்றுவரை நினைவில்லை.

எங்கள் வீடு கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் சாலை கொஞ்ச தூரம் சமமாகவே போகும். பிறகு ஒரே சரிவாக இறங்கி, வடக்கனந்தல் போகும் பெரிய சாலையில் சேரும். அந்தச் சேருமிடத்தில் பஸ்ஸும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டரும் வேகம் குறைக்காமல் போகும். மழை விட்டு வெயில் அடித்தால், சரிவு முடியும் இடத்தில் சாலையின் ஓரப்பாதியில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயவைப்பார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். "ரோடு இன்னா உங்க களமா?" என்று அதைப் பார்த்துத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தச் சரிவில் சைக்கிளில் இறங்கியிருக்கிறாள். இரண்டு பிரேக்கையும் அமுக்கியிருக்கிறாள். சைக்கிள் நிற்கவில்லை. கீழே பெரிய சாலையில் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஹேண்டில்பாரைச் சோளத்துப் பக்கம் ஒடித்துவிட்டாள். முன்சக்கரம் கல்லில் மோதி சைக்கிள் அங்கேயே நின்றுவிட, அவள் மட்டும் பறந்து போய்ச் சோளத்தில் விழுந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, சோளம் கிளறிக்கொண்டிருந்த அக்காவின் மடியில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். மோவாயில் சிராய்ப்பு, வலது மணிக்கட்டில் வீக்கம். தலைமுடி முழுக்கச் சோளம்.

"நீதான் அம்மாவா? உன் பொண்ணு நல்லா நீச்சல் அடிக்குதும்மா" என்றார் அந்த அக்கா, போனில் கேட்ட அதே குரலில். "குப்புற வுழுந்து அந்தக் கடைசி வரைக்கும் போச்சு. நானும் எத்தினி நாளா கிளர்றேன், ஒரே இழுப்புல இவ்ளோ நல்லா யாரும் பரத்துனதில்ல."

மகள் சிரித்தாள். நான்தான் அழுதேன். அக்கா என் முதுகில் தட்டினார். "அட, இன்னா நீ? அதுவே சிரிக்குது."

மணிக்கட்டில் எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுளுக்குதான். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஆனால் எனக்குள் அந்த சைக்கிள் இறங்கிக்கொண்டே இருந்தது. சாதம் பரிமாறும்போது, கடையில் பில் போடும்போது, திடீரென்று என் இரண்டு கைவிரல்களும் தாமாகவே மடங்கி இறுகும். இல்லாத பிரேக்கைப் பிடிக்கும்.

சைக்கிளை என் கணவர் ரிப்பேர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, வயர் தளர்ந்திருக்கிறது என்று இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்தால், டக்கென்று நின்றது. "பாரு, எப்டி நிக்குது" என்று என் கணவர் வாசலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவரே ஏறி ஒரு சுற்று வந்தார். மாட்டுத் தொட்டிக்கு முன்னால் பிரேக்கை அமுக்கினார். சைக்கிள் நிதானமாகப் போய்த் தொட்டியில் முட்டியது. மாடு எழுந்து நின்றுவிட்டது.

"பிரேக் கட்ட ரிம்முல ஒரசிக்கினே கீது. மிதிக்கவே முடியல. ஆனா நிக்க மாட்டுது" என்றார் குழப்பத்தோடு.

எனக்கு அது போதும். நைனார்பாளையத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். சைக்கிள் வேண்டாம், சரிவு வேண்டாம். இங்கே பஸ்ஸில் போகலாம் என்றால், மாலையில் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் எங்கள் பக்கம் வரும் பஸ் போய்விடும். மருந்துக்கடையை விட்டு நான் தினமும் வர முடியாது, வயலை விட்டு அவரும் வர முடியாது. தங்கை உடனே, "அனுப்புக்கா, கட்டில் சும்மாதான் கெடக்குது" என்றாள். அடுத்த வாரமே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டேன்.

மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னா தப்பும்மா பண்ணேன்? பிரேக் புடிக்கல. அதுக்கு என்ன வூட்ட வுட்டுத் தொரத்துவியா?"

"யாருடி தொரத்துறாங்க? சித்தி வூடுதான?"

"சித்தி வூடு சித்தி வூடுதான். சைக்கிள் சரியாயிட்டா?"

"சரியாவாது."

"ஆயிட்டா?"

ஆகாது என்றுதான் நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில், "ஆச்சுன்னா பாக்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

சைக்கிள் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. என் அக்கா மகள் கல்லூரிக்குப் போனதும் எங்களுக்கு வந்த நீல நிற சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டுப் போட்ட கையோடு மகள் அதைத் தலைகீழாகக் கவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, மறுபடியும் முயன்றாள். கடைசியில் நானே போய்க் கவிழ்த்துக் கொடுத்தேன். அவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். நான் போகலாம் என்று திரும்பினேன்.

"அம்மா, இங்க பாரேன். இது இன்னா இன்னும் ஒட்டிக்கினு கீது?"

காய்ந்த சோளத்தைக் கிளறினால் தவிடு போல மெல்லிய தூசி பறக்கும். வாயால் ஊதினால் போய்விடும். அன்று அவள் சீருடையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருந்தது ஒரு உதறலில் போய்விட்டது. சீட்டில் இருந்தது காற்றிலேயே போய்விட்டது. ஆனால் சக்கரத்தின் இரும்பு ரிம்மில், சுற்றிலும் ஒரு வளையம் போல அது அப்பியிருந்தது. பிரேக் கட்டை உரசும் அந்தப் பட்டையில், தூசி அரைபட்டுக் களிம்பாகியிருந்தது. மகள் விரலால் வழித்தாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள்.

விளக்கெண்ணெய்.

"ஆயுத பூசைக்குத் தேச்சது!" என்றாள் மகள்.

ஆயுத பூசை அன்று எங்கள் வீட்டில் இரும்பு என்று இருப்பதெல்லாம் எண்ணெய் கண்டாக வேண்டும். மண்வெட்டி, கொடுவாள், களைக்கொத்து, கலப்பையின் கொழு, என் அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, துணியில் விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பொட்டு வைத்துப் படைப்போம். எண்ணெய் போட்ட இரும்பு அடுத்த மழைக்குத் துருப்பிடிக்காது. இந்த வருடம் சைக்கிளும் அந்த வரிசையில் சேர்ந்தது. மகள்தான் தேய்த்தாள். ஹேண்டில்பார், மட்கார்டு, கம்பி கம்பியாக சக்கரம். "ரிம்ம வுட்டுட்டியே, அதுதான் மொதல்ல துரு ஏறும்" என்று அவள் அப்பா எடுத்துக் கொடுத்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்று மூவருமே பாராட்டினோம். பிறகு விடுமுறை முழுவதும் சைக்கிளை யாரும் எடுக்கவில்லை.

மண்வெட்டிக்கு நல்லதெல்லாம் சைக்கிளுக்கும் நல்லது என்று நினைத்துவிட்டோம். மண்வெட்டிக்குப் பிரேக் கிடையாது.

வயலிலிருந்து வந்த கணவரிடம் சொன்னோம். அவரும் ரிம்மை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார்.

"அதான் ஸ்டாண்டுல நின்னுது. ஆளு பாரம் இல்லன்னா, எண்ணெ இருந்தாலும் சக்கரம் நின்னுரும்" என்றாள் மகள்.

"படிக்கிற புள்ள சொல்லுது" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "கிண்ணத்தப் புடிச்சவங்க இன்னா சொல்றாங்க?" என்றார்.

"ரிம்ம வுட்டுட்டியேன்னு சொன்னவங்க மொதல்ல சொல்லட்டும்" என்றேன். விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

ரிம்மைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவினோம். துணியில் கறுப்பு வராத வரை திரும்பத் திரும்பத் துடைத்தோம். ஆனால் பிரேக் கட்டைகள் எண்ணெயைக் குடித்துப் பளபளவென்று இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் வழுக்கல் போகவில்லை. மூவருமாகக் கடைக்கே போனோம்.

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வயரப் பாத்தேன், கட்டயப் பாத்தேன், ரிம்ம ஒரு வாட்டி தொட்டுப் பாக்கலியே அக்கா! ரிம்முக்கு எண்ணெ வெச்சா பிரேக்குக்கு லீவு வுட்ட மாதிரி." புதிய கட்டைகளை மாட்டினார். வேகமாக மாட்டியதில் ஒன்று மேலேறி டயரில் உரசியது. அதை என் மகள்தான் கவனித்தாள். "அண்ணா, ரப்பர் மேல ரப்பர் ஒரசுது." "ஆமா பாப்பா, டயரத் தின்னுடும்" என்று அதை இறக்கி, ரிம்முக்கு நேராக வைத்து முடுக்கினார்.

பிரேக் பிடியின் அருகில், வயர் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை வெளியே திருகினால் வயர் இறுகி, கட்டைகள் ரிம்மை நெருங்கும். உள்ளே திருகினால் விலகும். ஸ்பேனர் வேண்டாம், விரலே போதும். கட்டை தேயத் தேய அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக்கொண்டு வர வேண்டும். எப்போதும் ரிம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்கு இறுக்கிவிடவும் கூடாது. அப்படி இறுக்கியதைத்தான் என் கணவர் மிதிக்க முடியவில்லை என்றார். மகள் இடது கையால் திருகுவதும், சக்கரத்தைச் சுற்றுவதும், காது வைத்துக் கேட்பதுமாக இருந்தாள். நானும் ஒருமுறை திருகிப் பார்த்தேன். இத்தனை நாளும் எனக்குள் விரல் மடங்கி மடங்கித் தேடியது இதைத்தானோ என்று தோன்றியது. தொட்டுத் திருகினால் உடனே பதில் சொல்லும் ஒரு பொருள்.

இருந்தாலும் தங்கைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரிவுல நின்னாத்தான்" என்று மகளிடம் சொன்னேன். மணிக்கட்டு ஆறும் வரை, வயல் வேலையை முன்னே பின்னே தள்ளிவைத்து, அவள் அப்பாவே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்து சமாளித்தார். தங்கை இரண்டு முறை போன் செய்தாள். "கட்டில்ல துணி காயப் போட்டுட்டேன், வருவாளா மாட்டாளா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

கையிலிருந்த கட்டு அவிழ்த்த பிறகு வந்த விடுமுறை நாளில், மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவின் உச்சிக்குப் போனாள். அவள் அப்பா கூடவே நடந்தார். நான் கீழே, சாலைகள் சேரும் இடத்தில் நின்றேன். அந்த அக்கா அன்றும் சோளம் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி நீந்த வர வேணாம்னு சொல்லு. சோளத்த மூட்ட புடிக்கணும்" என்றார்.

மேலே நீலப் புள்ளி அசைந்தது. என் கைகள் இறுகிவிட்டன. முகம் எப்படி ஆயிற்றோ, அக்கா தம் கையிலிருந்த சோளம் தள்ளும் பலகையை என் கையில் திணித்தார். "சும்மா நிக்காதம்மா. அத்த புடிச்சித் தள்ளு. நீ பாத்துக்கினே இருந்தா பொண்ணும் உன்னத்தான் பாக்கும், ரோட்டப் பாக்காது."

பலகையின் கைப்பிடியைப் பிடித்தேன். சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோளத்தைத் தள்ளினேன். சாலையைப் பிடித்துக்கொண்டதற்கு நான் திட்டிய அதே சோளம், என் காலடியில் சலசலவென்று நகர்ந்தது. பின்னால் சக்கரத்தின் ஓசை வளர்ந்தது. திரும்பவில்லை. இன்னொரு தள்ளு. ஓசை நெருங்கியது. அப்போது 'கீ...ச்' என்று ஒரு நீண்ட சத்தம். புதுக் கட்டை, சுத்தமான ரிம்மைப் பிடிக்கும் சத்தம். அது தேய்ந்து, நின்றது.

திரும்பினேன். கல் வரிசைக்கு வெகு முன்னாலேயே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். பெரிய சாலையில் ஒரு பஸ் கடந்து போனது.

"கத்துதும்மா, கொஞ்சம். பின்னாடி கட்ட லேசா சாஞ்சிருக்கும். சரி பண்ணிட்டு இன்னொரு வாட்டி வரேன்."

"போய்ட்டு வா" என்றேன்.

அவள் சைக்கிளைத் திருப்பி மேலே தள்ளிக்கொண்டு போனாள். நான் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தங்கையை அழைத்து, கட்டிலில் நன்றாகத் துணி காயப்போட்டுக்கொள்ளச் சொன்னேன். இப்போதும் காலையில் மகள் சைக்கிளில் கிளம்பும் நேரத்தில் என் விரல்கள் மடங்கத்தான் செய்கின்றன. மடங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அன்று சோளத்து அக்கா பலகையைத் திருப்பிக் கேட்டபோது, இந்த ஓரத்தை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.