நீல நாற்காலியை வெட்டிய கதை

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம். கல்யாணம் இங்கே நடக்கும், பெண்ணைப் பெற்றவர் மஸ்கட்டில் இருப்பார். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சின்னதாக்கி, சேமித்து மெயிலில் அனுப்புவது என் வேலை. முந்நூறு படம் முடிவதற்குள் கை விட்டுப்போகும்.

ஒருநாள் போட்டோஷாப்பில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். ஒரு படத்துக்குச் செய்வதைப் பதிவு செய்துவிட்டால், மீதிப் படங்களுக்கும் அதுவே செய்துவிடும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் அவர் மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். முதல் படத்தின் இடது ஓரத்தில் பந்தல்காரரின் நீல பிளாஸ்டிக் நாற்காலி அசிங்கமாக நின்றது. அந்த ஓரத்தையே வெட்டி, படத்தைச் சின்னதாக்கி, எல்லாவற்றையும் பதிவு செய்து, மீதிப் படங்களுக்கும் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"அதுவா செய்யுதுன்னா உனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்றார் முதலாளி.

"பொறாமைப்படாதீங்க சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன். "படமெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார் பெண்ணின் அப்பா. கொஞ்சம் தயங்கினார். "எங்க வீட்டுல அவங்க மேடைக்கே வரலையா? நான் வரலைன்னு கோவமா இருக்காங்களா?"

படங்களைத் திறந்தேன். வெட்டாத படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெண்ணின் அம்மா கூச்சக்காரர். "நான் இங்கயே நிக்கிறேன்" என்று சொன்னவர்போல, வந்த படத்திலெல்லாம் பச்சைப் புடவையில் இடது ஓரமாகவே ஒதுங்கி நின்றிருக்கிறார். அத்தனையிலும் நாற்காலி நின்ற ஓரத்தோடு சேர்த்து அவரையும் வெட்டித் தள்ளியிருந்தேன். அனுப்பிய ஒரு படத்தில் மகள் தோளில் அவர் கை மட்டும் மிச்சமிருந்தது. எத்தனை கெட்டிக்காரி நான்!

"அவங்க மேலே தப்பே இல்லீங்கண்ணே, எல்லாம் என் வேலை. அரை மணி நேரம் அங்கயே இருங்க" என்றேன். வெட்டும் படியை மட்டும் நீக்கிவிட்டு, அந்த அம்மா இருந்த படங்களைத் தேடி எடுத்து மறுபடி ஓட்டினேன். போகிற ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து அனுப்பினேன்.

"டீ குடிக்கப் போகலையா?" என்றார் முதலாளி. அடுத்த படத்தைத் திறந்தேன்.

மறுபடி போன் வந்தது.

"அந்தப் பச்சைப் புடவை போன தடவை நான் வாங்கிட்டு வந்தது" என்றார் பெண்ணின் அப்பா. "நான் வந்தாத்தான் கட்டுவேன்னு மடிச்சு வச்சிருந்தா."