ஓட்டத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலை புதூர்நாட்டிலிருந்து நானும் என் மாமன் மகன் காளியும் தொழிற்பயிற்சி முடித்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தோம். நாங்கள் பழகியது பெல்ட்டில் ஓடும் பழைய லேத், இரும்பு கடையும் இயந்திரம். அங்கே இருந்ததோ புது மெஷின். மேஸ்திரி ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே காளியின் சட்டைக் கை சுழலும் இரும்பில் சிக்கியது.

"நிறுத்து மச்சான்" என்று அலறினான். பழைய லேத்தில் நிறுத்துவதற்கு இருந்த கைப்பிடியைத் தேடினேன். அது இல்லை. நல்லவேளையாகச் சட்டை கிழிந்து அவன் கீழே விழுந்தான். கையில் தோல் உரிந்திருந்தது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் பக்கத்திலேயே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"நான் வூட்டுக்கே போறேன். இன்னா சம்பளம் குடுத்தாலும் வேணாம்" என்று போனவன் திரும்பவில்லை.

இன்று நானே பயிற்சி கொடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டாத யாரையும் மெஷினை ஓட்ட விடுவதில்லை.